டர்போவும் கனகமும்

ஜூன் 3, திங்கள்

இன்ஜின் வெளியே வந்துவிட்டது. காலையில் மெக்கானிக் ரஃபீக்கும் நானும் செயின் பிளாக் மாட்டித் தூக்கினோம். மூன்று போல்ட் துருவேறி அடம்பிடித்தன. ஷெட் முழுக்கப் பழைய ஆயில் வாசனை. எனக்கு அது பிடிக்கும், என் பெண்டாட்டி கனகத்துக்குப் பிடிக்காது.

வினோதினி பெங்களூரிலிருந்து போன் செய்து, இந்த வயதில் இது தேவையா அப்பா என்றாள். அவள் பள்ளிக்கூடத்தில் சேரும் முன்பே வீட்டுக்கு வந்த வண்டி இது. ஜப்பான்காரன் செய்த இரண்டு கதவு டர்போ. விளக்குப் போட்டால் பானெட்டுக்குள் மறைந்திருக்கும் இரண்டு கண்ணும் மேலே எழும்பும். மெட்ராஸில் வெளிநாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. வினோதினி பிறக்கும்போது கனகத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி வேறு, அதை விற்றுவிட்டேன். இதை விற்க மனம் வரவில்லை.

இந்தத் தடவை சும்மா பழுது பார்ப்பதில்லை. பெரிய டர்போ, அடித்துச் செய்த உறுதியான பிஸ்டன், காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர், எல்லாம் புதிது. டர்போ என்றால் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தி ஏற்றும் விசிறி. அந்த அழுத்தம்தான் பூஸ்ட். ஆசைப்பட்டு அதைக் கூட்டிக்கொண்டே போனால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். தகரத்தில் கடுகு சிதறின மாதிரி ஒரு பொடிச் சத்தம் கேட்கும். கேட்ட உடனே ஆக்ஸிலேட்டர் கேபிளிலிருந்து கையை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் பிஸ்டன் ஓட்டை.

அந்தச் சத்தத்தைப் பிடிக்க இந்த ஜில்லாவிலேயே என்னைத்தான் தேடி வருவார்கள். திருப்பூர், ஈரோடு என்று எங்கிருந்தோ வண்டியைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் நிறுத்துவார்கள். ரஃபீக் இன்று, இன்ஜின் இப்படித் தட்டும் சத்தத்தைத் தானே கண்டுபிடிக்கும் ஒரு சென்சார் இருக்கிறது, இதில் மாட்டிவிடலாம் என்றார். என் காது எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். இந்த இன்ஜினை நான் காதால் ட்யூன் செய்ய முடியவில்லை என்றால் ஷெட்டை இழுத்து மூடிவிட வேண்டியதுதான். எழுதியே வைக்கிறேன்.

ஜூன் 5, புதன்

ரஃபீக் வரவர வாய்க்குள்ளேயே பேசுகிறார். பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

ஜூன் 9, ஞாயிறு

இன்ஜின் பிளாக்கைப் போரிங் போட, அதாவது சிலிண்டர் துளையைக் கடைய, லேத்துக்கு அனுப்பியாகிவிட்டது. சிலிண்டர் ஹெட்டை நானே உட்கார்ந்து சுரண்டிக் கழுவினேன். கனகம் டீ கொண்டுவந்தாள். ராத்திரியெல்லாம் காதுக்குள் 'ஙொய்'யென்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கிறது, தூக்கமில்லை என்றாள்.

எனக்கு அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் ஏணி போட்டுப் படுக்கையறை ஃபேனைக் கழற்றி, பேரிங்கைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தேன். இனிச் சத்தம் வராது. பெண்டாட்டி சொன்னால் உடனே செய்பவன் நான்.

ஜூன் 14, வெள்ளி

புது செல்போன் வாங்கினேன். பழையதில் ஸ்பீக்கர் போய்விட்டது. புதியதும் சுமார்தான். இந்தக் காலத்தில் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

ஜூன் 20, வியாழன்

பிளாக் வந்தது. புது பிஸ்டன்களைக் கையில் எடுத்துப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. ரிங் இடைவெளி எல்லாம் நானே பார்த்து அரம் போட்டேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

கனகம் கேஸ்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இதெல்லாம் புதிதல்ல. கல்யாணமான புதிதில் ஒரு கார் ராலிக்கு வழி சொல்லும் நேவிகேட்டர் வராமல் போக, புடவையோடு இவளைத்தான் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன். மேப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே சரியான வழி சொன்னவள். கியர் மாற்ற நான் தாமதித்தால், "மாமா, வண்டி அழுகுதுங்க" என்பாள். நல்ல காது. என்னோடு இருந்து பழகியது.

ஜூன் 27, வியாழன்

இன்ஜினைத் திரும்ப வண்டியில் மாட்டினோம், முதல் தடவையே பிடித்துக்கொண்டது. ரஃபீக் என்னைக் கட்டிப்பிடித்தார்.

இன்ஜினுக்கு லோடு கொடுத்து ஓட்டிப் பார்க்க வெளியே போகத் தேவையில்லை. பம்ப் கம்பெனியில் காலம் முழுக்கக் குப்பை கொட்டியதற்கு இந்த ஒரு லாபம்: பின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டு பெரிய தண்ணீர் பம்புகளைப் பூட்டிவிடுவேன். வண்டி நின்ற இடத்திலேயே மலை ஏறும். கிணற்றுத் தண்ணீர் தோப்புக்குப் பாயும். டர்போ வைத்துத் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஆள் நான் ஒருவன்தான் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும், காய் பிடிக்கிறது.

வேலை நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். இன்ஜினில் ஒரு செம்புக் குழாயை முடுக்கினால், அதிலிருந்து ரப்பர் டியூப் வழியாக என் காதுமூடிக்குச் சத்தம் வரும். வெளிச் சத்தம் உள்ளே வராது. ஆக்ஸிலேட்டர் கேபிள் என் கையில். ரஃபீக் லேப்டாப்பில் பூஸ்டைக் கூட்டிக் குறைப்பார். கனகம் என் பக்கத்தில், இன்ஜினை ஒட்டி நின்று, என் தோளில் கை வைத்துக்கொள்வாள். மற்றவர் வீட்டில் இந்தச் சத்தத்துக்குத் தெருவைத் தாண்டி ஓடுவார்கள். இவள் முந்தானையைக் காதோடு சுற்றிக்கொண்டு வந்து நிற்பாள்.

பயம் வந்தால் தோளை அழுத்துவாள். அவள் அழுத்துவதற்கும் எனக்குச் சத்தம் கேட்பதற்கும் பெரும்பாலும் சரியாக இருக்கும். இத்தனை வருஷம் கூடவே இருந்தால் அப்படி ஒரு பொருத்தம் வந்துவிடும் போலிருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

பாதி பூஸ்டில் நன்றாக ஓடுகிறது. எனக்கு முழு பூஸ்ட் வேண்டும். கனகம், இது போதாதா, இதோடு விட்டுவிடலாமே என்றாள். விடுவதற்கா பெரிய டர்போ வாங்கினேன்? அந்த சென்சாரையாவது மாட்டச் சொல்லுங்க என்று அவளும் ஆரம்பித்தாள். ரஃபீக் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் எனக்குப் பின்னால் ஏதோ பேசிக்கொள்கிறார்கள், நான் திரும்பினால் வாயை மூடிக்கொள்கிறார்கள். எனக்கு மனசே சரியில்லை.

ஜூலை 7, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

காலையில் வெயில் ஏறும் முன் ஆரம்பித்தோம். கனகம் வர மாட்டேன் என்றாள். நீ வராமல் என்றைக்கு நடந்திருக்கிறது என்று நான்தான் கூப்பிட்டேன். வந்து நின்றாள், கையை வைத்தாள்.

பூஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். ஒரு தட்டலும் இல்லை. காதில் ஒரே சீரான முழக்கம், அவ்வளவுதான். அவள் கையும் அழுத்தவே இல்லை. இன்னும் கொஞ்சம் என்று ரஃபீக்குக்கு சைகை காட்டினேன். அவர் ஏதோ சொன்னார், தலையாட்டினேன். அதற்குப் பின் அவர் லேப்டாப்பை விட்டு எழுந்து ஓடிவருவதைப் பார்த்தேன். எதற்கு ஓடிவருகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஷெட் முழுக்கப் புகை. அவர்தான் பாய்ந்து இன்ஜினை நிறுத்தினார். ஆயில் அளவு பார்க்கும் குச்சி வெளியே எகிறி மேற்கூரையில் அடித்திருக்கிறது. எனக்கு அதுகூடத் தெரியவில்லை.

கனகம் டயர் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். என் அம்மா செத்தபோதுகூட அவள் இப்படி அழுது பார்த்ததில்லை. "என்னாலதானுங்க மாமா, என்னாலதான்" என்றாள். நீ என்ன செய்தாய், பெட்ரோலில் கலப்படம் என்று சமாதானம் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை. ஒரு பிஸ்டனுக்கு இவ்வளவு அழுகையா என்று ரஃபீக்கைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 8, திங்கள்

ஹெட்டைக் கழற்றினோம். மூன்றாவது பிஸ்டன் ஓட்டை. மற்ற மூன்றும் ஓரமெல்லாம் எலி கொறித்த மாதிரி இருக்கின்றன.

ஒரு நொடியில் இப்படி ஆகாது. நெடுநேரம் தட்டியிருக்கிறது.

பெட்ரோல்தான் காரணம்.

ஜூலை 9, செவ்வாய்

கனகம் ஈரோட்டுக்கு, அவள் தங்கை ருக்மணி வீட்டுக்குப் போய்விட்டாள். நேற்றே சொன்னாளாம், நான் தலையாட்டினேனாம். எனக்கு நினைவில்லை. வழியனுப்பவும் சரியாகப் பேசவில்லை.

ஜூலை 12, வெள்ளி

குக்கர் வைத்தேன். விசில் வரவே இல்லை. அடிப்பிடித்து, வாசனை வந்த பிறகு போய் அணைத்தேன். கேஸ்கெட் போய்விட்டிருக்கும் என்று கழற்றிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் ரஃபீக் வந்தார். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார். கோபம் வந்தாலும் எல்லாம் புரிந்தது.

பெட்ரோலில் ஒன்றுமில்லை என்றார். அதே கேனிலிருந்து தன் வண்டிக்கும் போட்டு ஓட்டிப் பார்த்தாராம். அப்படியானால் என்ன காரணம் என்றேன். 

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. அக்கா தோளை அமுக்குனாத்தான் நீங்க கேபிளை விடுவீங்க. நாலஞ்சு வருசமா நான் பாத்துட்டுத்தான் இருக்கறனுங்ணா."

"பயத்துல அமுக்குவா."

"பயமில்லீங்ணா. சத்தம் கேட்டு அமுக்குவாங்க. அன்னைக்கு அவங்களுக்கும் கேக்கலை."

அது எப்படி என்றேன். அதை அக்காவிடமே கேளுங்கள் என்றார். இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.  வற்புறுத்தின பிறகு, "வண்டி கொண்டுட்டு வர்றவங்க எனக்கு போன் பண்ணி, அக்கா ஊருல இருக்காங்களான்னுதான் முதல்ல கேப்பாங்க" என்றார்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 13, சனி

கைக்கடிகாரத்தைக் காதோடு வைத்துப் பார்த்தேன். நின்றுவிட்டது போலிருக்கிறது என்று எடுத்துப் பார்த்தால் முள் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றக் காதிலும் வைத்துப் பார்த்தேன்.

ஜூலை 15, திங்கள்

கனகம் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்க விடவில்லை நான். மூன்று நாளாக மனசுக்குள் அரைத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினேன். என்னை வைத்து ஊரே சிரிக்கும்படி செய்துவிட்டாய், என் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்லையா, ரஃபீக்கோடு பேச மட்டும் வாய் இருக்கிறதா என்று கத்தினேன். அசிங்கமாக இன்னும் ஏதேதோ சொன்னேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

அவள் நகராமல் நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் வலது பக்கத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இந்தப் பக்கம் நின்னு சொல்லுங்க மாமா. அந்தக் காது கேக்கறதில்லீங்க."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஈரோட்டுக்குத் தங்கையைப் பார்க்கப் போகவில்லை, காது டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறாள். இடது காது முக்கால்வாசி போய்விட்டது, இனி வராது என்றிருக்கிறார். வலது காதில் எந்நேரமும் இரைச்சல். ஷெட்டில் இடது காதைத்தான் இன்ஜின் பக்கம் வைத்து நிற்பாள். வலது கை என் தோளில் இருக்க வேண்டுமே. அன்று ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்காததால் சத்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டாளாம்.

"விசைத்தறி ஓட்டறீங்களான்னு கேட்டாருங்க, அந்த டாக்டரு."

"நீ என்ன சொன்னே?"

"ஆமாங்கன்னு சொல்லிட்டனுங்க. டர்போன்னு சொன்னா உங்களைத்தான திட்டுவாரு."

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னாளாம். போன வருஷம் சொன்னாளாம், அதற்கு முன்பும் சொன்னாளாம். எனக்குத்தான் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டது, ஃபேனுக்கு கிரீஸ் வைத்தேன். என் காது மந்தமாகிவருவதையும் சொல்லத்தான் நினைத்தாளாம். ஆனால் ஒரு வண்டியை ட்யூன் செய்து முடித்துவிட்டு நான் வீட்டுக்குள் வரும்போது என் முகத்தைப் பார்த்தால், சரி அடுத்த வண்டிக்குச் சொல்லலாம் என்று இருந்துவிடுவாளாம்.

நான் அழுதேன். அவள் பையிலிருந்து ருக்மணி கொடுத்தனுப்பிய முறுக்கை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

ஜூலை 16, செவ்வாய்

ஷெட்டில் ஒரே ஒரு காதுமூடிதான் இருக்கிறது. இன்னொன்று வாங்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இன்டர்கூலர் வாங்கத் தோன்றியது.

ஜூலை 18, வியாழன்

ரஃபீக் கடைக்கு நானே போனேன். மன்னிப்புக் கேட்டேன். விடுங்ணா என்று டீ வாங்கிக் கொடுத்தார். வேறு நான்கு பிஸ்டன் வருவதற்குச் சொல்லி வைத்தோம். சத்தம் கேட்டால் தானே பூஸ்டைக் குறைத்துவிடும் அந்த சென்சாரை மாட்டச் சொன்னேன். எத்தனை பூஸ்ட் வைக்கட்டும் என்றார். பாதி போதும் என்றேன். கேட்கத்தான் கேட்டார், பதிலை நம்பவில்லை போலிருக்கிறது, திரும்பவும் கேட்டார்.

ஜூலை 23, செவ்வாய்

இரண்டு பேரும் கோயமுத்தூரில் காது டாக்டரிடம் போய் வந்தோம். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். நான் பட்டனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். பிறகு கனகம் போனாள். கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் அவள் கட்டைவிரல் அசையவில்லை.

கருவி மாட்டிக்கொள்ள வேண்டும், ஆடி கழித்து வாருங்கள் என்றார்கள். இருக்கிற காதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று கனகத்திடம் உரக்கச் சொன்னார் டாக்டரம்மா. ஈரோட்டு டாக்டரின் சீட்டைப் பார்த்துவிட்டு, தறிக்கொட்டகைப் பக்கமே போகாதீர்கள் என்றார். தறி இல்லை, என் இன்ஜின் என்று நான் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் என்னைப் பார்த்த பார்வை மாறியது. அதுவரைக்கும் எனக்குத் திருப்தி.

ஜூலை 29, திங்கள்

இன்ஜினைக் கூட்டி முடித்தாயிற்று. மறுபடி லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். காலையில் ஷெட்டுக்குப் போனால் எனக்கு முன்பே கனகம் அங்கே நிற்கிறாள், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு. என் மறுபக்கம் வந்து நின்றாள்.

"சென்சாரு கின்சாரெல்லாம் இருக்கட்டுங்க. இந்தக் காது இன்னும் இருக்குதில்லீங்க. இப்புடி நின்னுக்கறேன்."

எனக்கு அவளை அடித்துவிடலாம் போல் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலும் இருந்தது. வெளியே போ என்றேன். போக மாட்டேன் என்றாள். உங்கள் பெயர் கெட்டுப்போய்விடும், இத்தனை வருஷம் காப்பாற்றியது இதற்காகவா என்றாள். நானும் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் ஷெட்டைப் பூட்டினேன். சாவியை எடுத்துக்கொண்டு நேராக ரஃபீக்கிடம் போய், வண்டியை உங்கள் இடத்துக்கே கட்டி இழுத்துக்கொண்டு போங்கள், சென்சார் வைத்து நீங்களே ட்யூன் செய்யுங்கள், நான் அங்கே வரவே மாட்டேன் என்றேன்.

பம்புகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுச் சக்கரங்களை மாட்டினேன். கனகம் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பேசியிருந்து எனக்குக் கேட்கவில்லையோ என்று அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். பேசவில்லைதான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் பேச ஆரம்பித்துவிட்டாள். முருங்கைக் கீரையை ஆய்ந்து கொடுங்கள் என்றாள். அவளுடைய வலது பக்கமாக, அவள் வாயைப் பார்க்கிற மாதிரி முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இப்படி உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் ஓரளவு சரியாக இருக்கிறது. வினோதினி வரும்போது என்ன சமைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். ரஃபீக் இன்று வண்டியைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகக் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். வந்தால் சத்தம் கேட்காதா, அப்போது போய்த் திறக்கலாம் என்றாள் கனகம்.

நிழல் விழுந்ததால்தான் திரும்பினேன். ரஃபீக் பின்வாசலில் நிற்கிறார், சட்டையெல்லாம் வேர்வை. சுவர் ஏறிக் குதித்து வந்திருக்கிறார்.

"வெளி கேட்டு முன்னால நின்னு ஆரன் அடிச்சு அடிச்சு கையே நோகுதுங்ணா. ஆக்ஸிலேட்டரைக்கூட மிதிச்சுப் பாத்துட்டேன். எதுத்த தோட்டத்துக்காரரே எட்டிப் பாத்துட்டாரு."

கனகம் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், நடுவில் நின்றுவிட்டது.

வண்டி இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நிறுத்தாமல் வந்தேன் என்றார் ரஃபீக். இரண்டு பேரும் கொஞ்சம் காது கொடுத்துப் பார்த்தோம்.

பிறகு கனகம் முறத்தைத் தள்ளிவைத்து, அவருக்கு உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். "சத்தம் எப்படி இருக்குதுன்னு சொல்லு ரஃபீக்கு" என்றாள்.

அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார்.